கோபத்துக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு மூச்சு!

கல்யாணமான புதிதில் ஒரு பெண்ணுக்கு வந்து குவிகிற சீர்வரிசையிலேயே அதிகமானது எது தெரியுமா? நகையும் பாத்திரமும் அப்புறம்... புத்திமதிதான் முதல்!

"மாமியார் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி எழுந்துடு." "அவர் கோபமா இருக்கறப்ப எதிர்த்துப் பேசாதே." "ஆறு மாசம் வாயை மூடிக்கிட்டு இரு, அப்புறம் எல்லாம் உன் கைக்கு வந்துடும்." இப்படிப் பெரியம்மாவிலிருந்து எதிர்வீட்டு மாமிவரை ஆளுக்கு ஒன்று சொல்லி அனுப்புவார்கள்.

கவனித்துப் பாருங்கள், முக்கால்வாசி புத்திமதி வாயைப் பற்றியதுதான். ஆனால் வாயை எப்படி மூடுவது? உள்ளே பொங்குகிறதே, அதை என்ன செய்வது? அதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. அடக்கி அடக்கி வைத்தால் தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை என்று வேறு வழியில் அது வெளியே வந்துவிடும்.

புகுந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பாடங்கள் கொஞ்சம் வித்தியாசமானவை. அவற்றைப் புதுமணத் தம்பதிகள் எல்லாரும் தெரிந்துகொண்டால் நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

தங்கவயலில் ஒரு பௌத்தக் குடும்பம்

நான் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண். நர்ஸிங் படித்தவள். பிறந்த வீட்டில் முருகன்தான் எல்லாம். போன வருஷம் தை மாதம் வாழ்க்கைப்பட்டு வந்தது கோலார் தங்கவயலுக்கு. கர்நாடகத்தில் இருந்தாலும் தெருவெல்லாம் தமிழ் கேட்கும் ஊர்.

மாமனார் வீடு மூன்று தலைமுறையாகப் பௌத்தம். "தமிழர்களில் பௌத்தர்களா?" என்று உங்களில் சிலர் புருவம் தூக்கலாம். என் அம்மாவும் அப்படித்தான் கேட்டாள். "ஏன்டி, அங்க விளக்காவது ஏத்த விடுவாங்களா?"

விஷயம் இதுதான். பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) என்ற சித்த வைத்தியர் 1898-ல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழை நடத்த ஆரம்பித்தார். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களிடையே அந்தச் சங்கத்தின் கிளை வேர் பிடித்தது. அந்த வேரில் முளைத்த ஒரு வீட்டுக்குத்தான் நான் மருமகளாகப் போனேன். நாடி பிடித்துப் பார்த்த ஒரு வைத்தியர்தான் தமிழ் மண்ணில் புத்தரை மறுபடி பேச வைத்தார் என்பது ஒரு நர்ஸுக்குப் பிடித்த செய்தி, இல்லையா?

வீட்டில் விளக்கு உண்டு, பூ உண்டு, ஊதுவத்தி உண்டு. காலையில் எல்லாரும் சேர்ந்து திரிசரணம், பஞ்சசீலம் சொல்வோம். உயிரைக் கொல்லாமை, திருடாமை, முறைதவறிய காமம் கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதைப் பொருள் தொடாமை... இந்த ஐந்தும்தான் பஞ்சசீலம். பிறகு பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது. பௌர்ணமி அன்று இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அவ்வளவுதான். அம்மாவுக்குப் போனில் சொன்னேன், "விளக்கு ஏத்தறேம்மா. ஆனா அதுகிட்ட எதுவும் கேக்கறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்!"

ஐந்து மணி நேர ரயில்

தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஊரில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகத் தினமும் போய்த் தினமும் திரும்புகிறார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

அவருடைய ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடிகாலை நாலரைக்கு எழுந்து ஐந்தே காலுக்குக் கிளம்புவார். ரயிலும் பஸ்ஸுமாகப் போக வர ஐந்து, ஆறு மணி நேரம். வேலை ஒன்பது மணி நேரம். இரவு எட்டே முக்காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். குளித்து, சாப்பிட்டுப் படுக்கப் பத்தரை. தூக்கம் ஆறு மணி நேரம் வந்தால் அதிர்ஷ்டம். புதுசாகக் கல்யாணமான இரண்டு பேருக்கு உட்கார்ந்து பேச ஒரு நாளில் மிஞ்சுவது முக்கால் மணி நேரம்! அந்த முக்கால் மணி நேரத்தில்தான் சிரிப்பு, கொஞ்சல், கரன்ட் பில், நாத்தனார் வளைகாப்பு, சண்டை எல்லாம் முடிந்தாக வேண்டும்.

"ஏங்க, இன்னிக்கு லேட்டு?"

"ட்ரெயினை நானா ஓட்டறேன்?"

இந்த இரண்டு வரி போதும், அந்த முக்கால் மணி நேரமும் போச்சு!

கல்யாணமாகி மூன்றாவது மாதம், அவருக்கு அடிக்கடி பின்மண்டை வலிக்கிறது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார வைத்து, நானே பிரஷர் பார்த்தேன். 152/98. அடுத்த வாரம் பார்த்தேன், 150/96. டாக்டரிடம் போனோம். அவரும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்புதான் என்று உறுதிப்படுத்தினார். வயது முப்பத்தொன்று!

இங்கே வாசகர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை பார்த்ததை வைத்து ரத்தக் கொதிப்பு என்று முடிவு கட்டக் கூடாது. வேறு வேறு நாட்களில் பார்த்து, மேல் அளவு 140-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் அளவு 90-ம் அதற்கு மேலும் தொடர்ந்து இருந்தால்தான் அப்படிச் சொல்வார்கள். பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க உட்கார வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. தலைவலி வந்தால்தான் பிரஷர் என்றும் நினைக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே அது இருக்கும்.

புத்தருக்கும் டாக்டர் இருந்தார்!

டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கவும் நடக்கவும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது தகராறு.

"இந்த வயசுல மாத்திரையா? ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணும். காலையில பத்து நிமிஷம் உக்கார்றதை அரை மணி நேரமா ஆக்கிடறேன். தானா இறங்கிடும்" என்றார் இவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். எழுபத்திரண்டு வயது. அதிகம் பேசாதவர்.

"டேய், புத்தருக்கு வைத்தியர் யாருன்னு தெரியுமா?"

"ஜீவகர்."

"தெரியுதில்ல? புத்தருக்கு வயிறு சரியில்லாதப்ப ஜீவகர் பேதி மருந்து குடுத்தாரு. கால்ல கல்லு பட்டுக் காயமானப்ப கட்டுப் போட்டாரு. 'நான் தியானத்துலயே சரி பண்ணிக்கிறேன், நீ போப்பா'ன்னு புத்தர் அவரைத் திருப்பி அனுப்பல. நீ அவருக்கு மேலயாடா?"

இவர் வாயடைத்துப் போனார். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன்.

மாமனார் இன்னொரு கதையும் சொன்னார். வயிற்றுப்போக்கால் எழுந்திருக்க முடியாமல், தன் அசுத்தத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பார்க்க ஆளில்லை. புத்தரும் ஆனந்தரும் தண்ணீர் கொண்டுவந்து அவரைக் குளிப்பாட்டி, தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்களாம். நோயாளிக்குச் செய்கிற பணிவிடையைத் தனக்கே செய்வதற்குச் சமமாக வைத்தார் புத்தர். "உன் பெண்டாட்டி படிச்ச படிப்பு அதுதான்" என்றார் மாமனார். அன்றைக்கு ராத்திரியே முதல் மாத்திரை உள்ளே போனது.

இந்தப் பாடத்தை நான் ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், தியானம் செய்கிறேன், விரதம் இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கவாதத்தோடு வந்து சேர்கிறவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். 2017-ல் அமெரிக்க இதய சங்கம் தியானத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. இதய நோய் அபாயத்தைக் குறைக்கத் தியானம் ஒருவேளை உதவலாம். ஆனால் அது வழக்கமான சிகிச்சைக்கும் பழக்க மாற்றங்களுக்கும் துணைதான், அவற்றுக்குப் பதில் ஆகாது என்பது அதன் சாரம். மாமனார் சொன்னதும் அதேதானே!

சங்கமித்திரையில் இரண்டு நாள்

"புதுசா கல்யாணமானவங்க ஊட்டிக்குப் போவாங்க, நீங்க என்னடி புத்தகயாவுக்குப் போறீங்க?" என்று என் தோழிகள் கேலி செய்தார்கள். அது அத்தையின் ஆசை. "நாங்கதான் போகல, நீங்களாவது போய்ட்டு வாங்க" என்று தன் சேமிப்பிலிருந்து டிக்கெட்டுக்குக் கொடுத்தார்.

நவம்பரில் கிளம்பினோம். பெங்களூரிலிருந்து பாட்னா பக்கம் போகும் ரயிலுக்கு சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் என்று பெயர். சங்கமித்திரை அசோகரின் மகள். போதி மரத்தின் கிளையை இலங்கைக்குக் கொண்டு போனவர். அது இன்றும் அனுராதபுரத்தில் மரமாக நிற்கிறது. ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். கல்யாணமாகிப் பத்து மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை! தினமும் ரயிலில் வாடுகிற மனுஷர், அதே ரயிலில் குழந்தை மாதிரி தூங்கினார்.

ஊருக்குப் போகும்போது மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் அதிகம். நாங்கள் எத்தனை நாளுக்கோ அத்தனைக்கும் மேல் நான்கு மாத்திரை கூடுதலாக எடுத்து, கைப்பையிலேயே வைத்துக்கொண்டோம். டாக்டர் சீட்டின் நகலும் கூடவே.

பாட்னாவிலிருந்து கயா சுமார் நூறு கிலோமீட்டர். கயாவிலிருந்து புத்தகயா ஆட்டோவில் போகிற தூரம்தான். மகாபோதி கோயில் கோபுரம் 55 மீட்டர் உயரம். 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோயிலுக்குப் பின்னால் போதி மரம். பழைய மரம் 1876-ல் புயலில் விழுந்துவிட, அதன் வழிவந்த கன்றை நட்டு வளர்த்த மரம் இது.

அங்கே போனால் ஒரே அமைதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். எங்கே! ஒரு பக்கம் திபெத்திய பிக்குகள் தரையில் விழுந்து விழுந்து வணங்குகிறார்கள். ஒரு பக்கம் தாய்லாந்துக்காரர்கள் மைக்கில் ஓதுகிறார்கள். வழிகாட்டிகளின் சத்தம் வேறு. செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போனோம். போன் இல்லாத பாக்கெட்டை இவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்!

கோயிலின் வடபுறச் சுவரை ஒட்டித் தாமரை வடிவக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. ஞானம் பெற்றபின் புத்தர் ஒரு வாரம் இங்கே நடந்து நடந்து தியானித்தார் என்பது நம்பிக்கை. நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் சொன்னார், "இவ்வளவு சத்தத்துல இவங்க உக்கார்றாங்க. அப்ப ட்ரெயின்லயும் உக்காரலாம் போலிருக்கே!"

அந்தப் பயணத்தின் லாபமே அந்த ஒரு வார்த்தைதான் என்பேன். அமைதி கிடைத்தால் தியானம் செய்யலாம் என்று காத்திருந்தால், வேலைக்குப் போகிறவர்களுக்கு ரிட்டையர் ஆகிறவரை அது கிடைக்காது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுஜாதை பெயரில் ஒரு கிராமம். உடலை வருத்தி எலும்பும் தோலுமாகிவிட்ட சித்தார்த்தருக்குப் பால்சோறு கொடுத்தவள் அவள். வயிறு காய்ந்தால் புத்தி தெளியாது என்று அவர் புரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். புது மருமகள் என்ற கூச்சத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் மிச்சத்தைச் சாப்பிட்டு, ரத்தசோகையோடு வருகிற எத்தனை பெண்களைப் பார்க்கிறோம்! அவர்கள் எல்லாருக்கும் சுஜாதையின் கதையைச் சொல்ல வேண்டும்.

மூச்சைக் கவனிப்பது எப்படி?

இதற்கு 'ஆனாபானசதி' என்று பெயர். இது பிராணாயாமம் இல்லை. மூச்சை இழுத்துப் பிடிப்பதோ, எண்ணிக்கை வைத்து அடக்குவதோ கிடையாது. வருகிற மூச்சை வருகிறது என்றும், போகிற மூச்சைப் போகிறது என்றும் தெரிந்துகொள்வது மட்டும்தான்.

முதுகு நேராக, ஆனால் விறைப்பில்லாமல் உட்காருங்கள். தரையில் முடியாவிட்டால் நாற்காலி போதும். வாயை மூடி, மூக்கு வழியாகச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூக்கு நுனியிலோ மேலுதட்டின் மேலோ காற்று படுகிற இடத்தில் கவனத்தை வையுங்கள். நீளமான மூச்சா, குட்டை மூச்சா என்று கவனியுங்கள். மாற்ற முயற்சி வேண்டாம்.

இரண்டாவது மூச்சிலேயே மனசு அடுப்பில் வைத்த பாலுக்குப் போய்விடும். போகட்டும்! போனது தெரிந்ததும், திட்டாமல், திரும்ப அழைத்து வாருங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை அழைப்பதுதான் பயிற்சியே.

காலையில் பத்து நிமிஷம் போதும். இவர் அதை ரயிலில் பங்காருப்பேட்டை தாண்டியதும் செய்கிறார். நான் குக்கர் வைத்துவிட்டு, மூன்று விசில் வருகிறவரை சமையலறை ஸ்டூலில் செய்கிறேன்.

ஆர்வக்கோளாறில் மணிக்கணக்கில் உட்காரவும் வேண்டாம். சோணர் என்று ஒரு பிக்கு, பாதத்தில் ரத்தம் வருகிறவரை நடந்து தியானம் செய்தாராம். அவர் துறவுக்கு முன் வீணை வாசித்தவர். தந்தியை அதிகம் முறுக்கினாலும், தளர விட்டாலும் நாதம் வராது என்று அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே புத்தர் புரிய வைத்தார்.

அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் தவிப்பவர்களுக்காக வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். மதச் சடங்கு எதுவும் இல்லாமல், பௌத்த தியானத்தையும் யோகாவையும் எடுத்து அமைத்த பயிற்சி அது. ஆக, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் இதைச் செய்யலாம்.

கடுமையான மனச்சோர்வு, பெரிய அதிர்ச்சி, மனநோய்க்குச் சிகிச்சை என்று இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கண்ணை மூடி உட்காரும்போது பயமோ படபடப்போ அதிகமானால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். தப்பே இல்லை.

சண்டை வருகிற இடம்

இந்தப் பத்து நிமிஷத்தின் பலன் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரியாது. ராத்திரி எட்டே முக்காலுக்குத்தான் தெரியும்!

கோபம் வருவதற்கு முன் உடம்பு நமக்கு ஒரு மணி அடிக்கிறது. மூச்சு மேலே ஏறும், தாடை இறுகும், காது சூடாகும். மூச்சைக் கவனித்துப் பழகியவர்களுக்கு அந்த மணி காதில் விழுகிறது. அந்த இடத்தில் ஒரே ஒரு முழு மூச்சு விட்டுப் பாருங்கள். கோபம் போய்விடாது. ஆனால் எந்த வார்த்தையைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டு குமைவதற்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் போகிறோம், கொஞ்சம் நிதானமாக!

நல்ல பேச்சுக்கு பௌத்தத்தில் ஐந்து சோதனை உண்டு. சமயம் சரியா? உண்மையா? மென்மையா? பயன் உண்டா? அன்போடு சொல்கிறோமா? "ஏன் லேட்டு" என்று நான் கேட்பது உண்மை, நியாயமும்கூட. ஆனால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் கேட்டால் சமயம் சரியில்லை! அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு சட்டம். வந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும்வரை கேள்வி கிடையாது. அதேபோல் அவருக்கும் ஒரு சட்டம். சாப்பிட உட்கார்ந்தபின் போன் கிடையாது. பாக்கெட்டைத் தடவவும் கூடாது!

கல்யாண வீடுகளில் "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறவர்களுக்கும் அதே ஒரு மூச்சுதான். பிறகு, "இருந்தா உங்களுக்குச் சொல்லாமலா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

புருஷன் கடமை முதலில்!

சிகாலன் என்ற இளைஞனுக்குக் குடும்ப வாழ்க்கையைப் பற்றி புத்தர் சொன்ன பாடம் ஒன்று உண்டு. அதில் கணவன் மனைவிக்கு ஆளுக்கு ஐந்து கடமைகள். எந்தப் பட்டியல் முதலில் வருகிறது தெரியுமா? கணவனுடையது! மனைவிக்கு மரியாதை தர வேண்டும், இழிவாகப் பேசக் கூடாது, துரோகம் செய்யக் கூடாது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுக்க வேண்டும், நகைநட்டு வாங்கித் தர வேண்டும். மனைவி வீட்டு வேலைகளை ஒழுங்காக நடத்த வேண்டும், இரண்டு பக்கத்து உறவையும் அரவணைக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், சம்பாத்தியத்தைப் பாதுகாக்க வேண்டும், சோம்பல் கூடாது.

இதை மாமனார் படித்துக் காட்டிய அன்று, அத்தை இடுப்பிலிருந்த பீரோ சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "எனக்கு இது கைக்கு வர இருபது வருஷம் ஆச்சு. நீ இன்னிக்கே வெச்சுக்கோம்மா" என்றார். அந்த நகைநட்டுக் கடமையைத்தான் என் வீட்டுக்காரர் இன்னும் 'தியானித்துக்கொண்டு' இருக்கிறார்!

எனக்கு மிகவும் பிடித்தது நகுலமாதாவின் கதை. அவள் கணவர் நகுலபிதா கடும் நோயில் படுத்துவிட்டார். தான் போய்விட்டால் குடும்பம் என்ன ஆகுமோ என்ற கவலை அவரைத் தின்றது. அவள் அழுது புலம்பவில்லை. நூல் நூற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றுவேன், வேறு கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன், தம்மத்தை விட மாட்டேன் என்று அவர் மனசிலிருந்த பயத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கி வைத்தாள். அவர் குணமாகி எழுந்தார் என்கிறது கதை. பேச்சிலேயே நோய் தீர்ந்ததா என்று நர்ஸாகிய என்னைக் கேட்டால் நம்ப மாட்டேன். ஆனால் நோயாளியின் பயத்தை யாராவது உட்கார்ந்து கேட்டால் அவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார், தூங்குவார். இதை வார்டில் தினமும் பார்த்தவள் நான்.

அதனால் ஒரு நாள் இவரிடம் நேராகவே கேட்டேன். "மாத்திரைன்னா உங்களுக்கு என்ன பயம்?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "தாத்தா இந்த பிரஷர்லதான் பக்கவாதம் வந்து படுத்தாரு. மாத்திரை போட்டா நானும் அந்த வரிசையில சேர்ந்துட்டேன்னு ஒத்துக்கற மாதிரி இருக்கு."

அந்த முக்கால் மணி நேரம் அன்றைக்கு ஒன்றரை மணி நேரமானது. அதற்குப் பிறகு மாத்திரையை நான் ஞாபகப்படுத்த வேண்டி வரவில்லை.

மாமியாருக்கும் மைத்திரி

மூச்சுப் பயிற்சி முடிந்ததும் இரண்டு நிமிஷம் 'மைத்திரி' செய்வோம். நலமாக இருக்க வேண்டும், பகையின்றி, துன்பமின்றி இருக்க வேண்டும் என்று மனசார நினைப்பது. முதலில் தனக்கு. பிறகு பிடித்தவருக்கு. பிறகு பால்காரர் மாதிரி, விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு. கடைசியில்தான் பிடிக்காதவருக்கு. இந்த வரிசை முக்கியம். எடுத்த எடுப்பில் பிடிக்காதவரிடம் ஆரம்பித்தால் பற்களைக் கடித்துக்கொண்டு வாழ்த்த வேண்டியிருக்கும்!

"நீ எந்த வரிசையில என்னை வெச்சிருக்க?" என்று அத்தை ஒரு நாள் கேட்டுவிட்டார். பொய் சொல்லக் கூடாதே! "ரசத்துல உப்பு கம்மின்னு சொல்ற அன்னிக்குக் கடைசி வரிசை, அத்தை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

உப்பு விஷயம் சிரிப்பல்ல. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி. வீட்டில் தனி உப்பு ஜாடி வைத்து, ஒரு மாதத்துக்கு எவ்வளவு தீர்கிறது என்று பாருங்கள். திகைத்துப் போவீர்கள்.

இப்போது இவருடைய பிரஷர் 132/84. மாத்திரை தொடர்கிறது. உப்பு குறைந்திருக்கிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போகிறார். ரயிலில் மூச்சு. இதில் எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கவும் வேண்டாம்!

புதுமணத் தம்பதிகளே, இன்று முதல்...

* இருவரும் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். வயசு குறைவு என்று விடாதீர்கள்.
* டாக்டர் தந்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெண்கள், குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும்.
* தினமும் பத்து நிமிஷம் மூச்சைக் கவனியுங்கள். இடமும் நேரமும் உங்கள் வசதி.
* வெளியிலிருந்து வந்தவர் தண்ணீர் குடிக்கும்வரை கேள்வி வேண்டாம்.
* வாரத்தில் ஒரு நாளாவது, போன் இல்லாமல், "உனக்கு என்ன பயம்?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். பதில் வருகிறவரை காத்திருங்கள்.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டமானது. ஆனால் அதற்குக் காசு செலவில்லை, பக்க விளைவும் இல்லை!